கறுப்புக் காரும் பின்பக்கக் குழாயும்

பாளையம்பட்டி போர்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு வாளி பிடித்து வைத்துவிட்டு, விடிந்ததும் வாளியை மட்டும் உருவிக்கொண்டு போகலாம். தண்ணீர் வாளி உருவத்திலேயே நிற்கும். அவ்வளவு உப்பு. அந்தத் தண்ணீரில்தான் வீரபாண்டி தன் கறுப்புக் காரைக் கழுவி, வெள்ளைப் புள்ளி பூப்பதற்குள் துண்டால் தேய்த்துத் தேய்த்து, வலது தோள் இறங்கிப்போனான்.

எம்.ரெட்டியபட்டியில் இருந்த பருத்திக் காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கார் ஸ்டாண்டுக்கு வந்தவன் அவன். சுற்றுப்பட்டியில் எந்தக் கல்யாணமானாலும் பொண்ணு மாப்பிள்ளை ஏறும் கார் அவனுடையதுதான். அன்றைக்கு டிரைவருக்குப் புது வேட்டி, முதல் பந்தியில் இலை. மாப்பிள்ளைக்கு அடுத்தபடி நெஞ்சு நிமிர்த்தி நடப்பவன் அவன். சில கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு முந்தியே.

அந்த மரியாதைக்கு உலை வைக்கக் காரியாபட்டிப் பக்கமிருந்து கஸ்தூரி வந்து சேர்ந்தாள். அவளும் கார் ஓட்டுகிறவள். அவளுடையதும் கறுப்புக் கார், அதுவும் இவனுடையதைவிடப் பழசு. ஆனால் மினுமினுப்போ, கதவில் தன்னையே பார்த்த சேவல் ஒன்று பொழுதுக்கும் சண்டை போட்டுத் தோற்று, அவமானம் தாங்காமல் ஊரைவிட்டே போய்விட்டது. ஒரு புள்ளி கிடையாது. போன முகூர்த்தத்தில் இரண்டு வீட்டார் அவளைக் கூப்பிட்டார்கள். அன்று ராத்திரி வீரபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்ன, சோத்தையே முறைச்சுப் பாக்குறீக? அதுல கஸ்தூரி மூஞ்சி தெரியுதோ?" என்றாள் மனைவி தங்கலட்சுமி.

"மூஞ்சி இல்லடி, அவ காரு."

"பொம்பள மேல கண்ணு வச்சிருந்தாலும் நாலு பேருட்டச் சொல்லி அழலாம். காரு மேல கண்ணு வச்ச மனுசன வச்சுக்கிட்டு நான் எங்க போயி முட்டிக்கிறது?"

இந்த நேரத்தில்தான் மல்லாங்கிணறு சின்னத்துரை சொல்லியனுப்பினார். மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் தானே ஸ்டாண்டுக்கு வருவாராம். இரண்டு கறுப்புக் காரில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதில்தான் மகள் ஏறுவாளாம்.

வீரபாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கஸ்தூரி ஸ்கூட்டியில் கிளம்பியதும் பின்னாலேயே போனான். அவள் ஆர்.ஓ. தண்ணீர்க் கம்பெனிக்குள் நுழைந்து, இரண்டு கேன்களோடு வெளியே வந்தாள். வீட்டு வாசலில் புங்கமர நிழலில் நின்ற காரைப் போர்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். கடைசியாகக் கேன் தண்ணீரை மேலேயிருந்து மெதுவாக ஊற்றினாள். பிறகு துண்டை எடுப்பாள் என்று பார்த்தால், காரைத் தொடாமலே உள்ளே போய்விட்டாள். தானே காய்ந்த கார் கண்ணாடி மாதிரி ஆனது.

"அடி கள்ளி! குடிக்கிற தண்ணியிலயா காரக் குளிப்பாட்டுற?" என்று முனகினான் வீரபாண்டி. மறைவுக்கு நின்ற முள்வேலியில் சட்டை கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

அவனும் கம்பெனிக்குப் போனான். முன்பக்கம் கேனுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால், சுவரிலிருந்து நீட்டியிருந்த குழாயில் தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓடைக்கரையில் சீமைக்கருவேலமே வாடி நின்றது. கல்லில் முளைக்கும் செடி அது. அது வாடினால் என்ன அர்த்தம் என்று வேறொருவன் யோசித்திருப்பான். பொறாமை பிடித்தவனுக்குக் கஸ்தூரியின் கேன் தவிர வேறெதுவும் கண்ணில் படுமா? அவளிடம் இரண்டு கேன் என்றால் நாம் ஆறு கேனாக ஊற்றுவோம் என்று பிடித்து வந்து, சாயங்கால வெயிலில் காரை முழுக்காட்டினான். அவளைப் போலவே துண்டைத் தொடவில்லை. அதுவரை காரைக் காப்பாற்றிவந்தது அந்தத் துண்டு ஒன்றுதான்.

காலையில் சின்னத்துரை வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா வீரபாண்டி, காருக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டலையா?"

ஸ்டாண்டே சிரித்தது. கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. சின்னத்துரை கஸ்தூரியின் காரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கஸ்தூரி கிட்டே வந்தாள். "அண்ணே, எந்தக் குழாயில பிடிச்சீக?"

"நீ பிடிச்ச கம்பெனியிலதான். பின்னால."

"அய்யய்யோ! நல்ல தண்ணிய முன்னால குடுத்துட்டு, அதுல இருந்த உப்பையெல்லாம் சேத்துப் பின்னால கழிச்சு விடுறாகண்ணே. போர்த் தண்ணியே தேவல. வீட்ல ஒரு கேன் இருக்கு, எடுத்தாரவா?"

"ஒன் தண்ணிய நீயே வச்சுக்க தாயி," என்றான். தாயி என்ற சொல் அவன் பல்லிடுக்கில் அரைபட்டு வந்தது.

கல்யாணத்துக்கு அவனையும் கூப்பிட்டார்கள், சீர் அண்டாக்கள் ஏற்ற. முதல் பந்தியில், புது வேட்டிக்குப் பதில் புதுச் சேலை வாங்கிய கஸ்தூரிக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, அவள் இலையில் விழுந்த அப்பளம் தன்னுடையதைவிடப் பெரிது என்பதையும் கவனித்துக்கொண்டான்.

திரும்பி வந்ததும் தங்கலட்சுமியும் அவனுமாக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கறையை எடுத்தார்கள். முன்பக்க வரிசையில் நின்று நல்ல தண்ணீர் வாங்கி, நிழலில் நிறுத்தி, கடைசியாக ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு புள்ளி இல்லை. பார்த்துப் பார்த்துப் பூரித்தான். மறுநாள் வேண்டுமென்றே கஸ்தூரியின் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

சக டிரைவர் முத்துராஜ் குனிந்து கதவில் மீசையைச் சரிசெய்துகொண்டான்.

"ஏலே, என்னமா மின்னுது! கஸ்தூரி கழுவிக் குடுத்துச்சாக்கும்?"

வீரபாண்டி விருட்டென்று கதவைத் திறந்து ஏறினான். காரைக் கிளப்பினான். சவாரியே இல்லாமல் திருச்சுழிப் பக்கத்து மண் ரோட்டில் ஒரு சுற்றுப் போய், கூரை வரைக்கும் புழுதியோடு திரும்பி வந்து, அதே இடத்தில் நிறுத்தினான்.