இடது பக்கம் திரும்பின மாப்பிள்ளை

பழைய டிவி பெட்டி சூடாகும்போது ஒரு வாசம் வரும், ஞாபகம் இருக்கா? தூசி கருகுற மாதிரி... எங்க வீட்டுல அதோட பேக்டரியில இருந்து வர்ற தேயிலை வாசமும் சேர்ந்துக்கும்.

எண்பத்தஞ்சு, எண்பத்தாறு வாக்குல. இலங்கை மலையகத்துல தெமோதரை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல அப்பா டீமேக்கர், பேக்டரியில தேயிலை தயாரிக்கிறதைப் பாத்துக்கிறவரு. ஸ்டாப் குவார்ட்டர்ஸ்ல கரண்ட் இருந்ததால டிவி இருந்துச்சு. டுபாய்ல வேலை செஞ்ச மாமா லீவுல வந்தப்போ ஒரு டிவி கேம் கொண்டு வந்து குடுத்தாரு. அவ்வளவுதான், வீடு கலியாண வீடாயிடுச்சு!

ஒரு குட்டி மனுசன். காட்டுக்குள்ள ஓடணும், பாம்பைத் தாண்டணும், பழம் பொறுக்கணும். செத்தா ஜாய்ஸ்டிக்கை அடுத்தவங்ககிட்ட குடுத்துடணும். அதுதான் சட்டம்.

என் தம்பி செல்வாவும் அவன் கூட்டாளிமாரும் பேய் புடிச்ச மாதிரி வலது பக்கமாவே ஓடுவானுங்க. பழமெல்லாம் அங்கதான். எனக்கு அந்த அவசரம் ஒத்துவராது. நான் இடது பக்கம் போவேன். அங்க பாயிண்டும் இல்ல, பாம்பும் இல்ல. ஒரு பாலம், ஒரு பெரிய மரம், அதுக்கு அங்கிட்டு நீலக்கோடா விழற ஒரு அருவி... சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். சாகாததால என் டர்ன் முடியவே முடியாது.

"அக்கா, நீ வெளையாடுறியா, இல்ல வெள்ளாமை பாக்கப் போறியா?" செல்வா அழாத குறையா கத்துவான். அந்த வீட்டுல எனக்குப் பேரே ஆமைதான்.

அந்த நேரத்துலதான் என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளை அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல கிளார்க். அவங்க அப்பா, அம்மாவோட கோச்சியில, அதான் ரயில்ல, வந்து எறங்கினாரு. ஏற்கனவே வந்த ரெண்டு பேரை நான் அம்மாகிட்ட வேணாம்னு சொல்லியிருந்தேன், அதனால அம்மாவுக்கு அன்னைக்கு கையும் ஓடல, காலும் ஓடல.

நான் டீ குடுத்துட்டு கதவுத் திரைக்குப் பின்னாடி நின்னுட்டேன். பெரியவங்க ஊர்க்கதை பேச ஆரம்பிச்சாங்க. மாப்பிள்ளை பாவம், கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. செல்வாவுக்குக் குசும்பு... ஜாய்ஸ்டிக்கைக் கையில குடுத்துட்டான்.

அவரு ரெண்டு அடி வலது பக்கம் போனாரு. நின்னாரு. அப்புறம் இடது பக்கம் திரும்பினாரு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அண்ணே, அங்க ஒண்ணும் இல்லண்ணே! பாயிண்டு கெடைக்காது!"

"இருக்கட்டும் தம்பி... என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

பாலத்துல ஏறினாரு. மரத்தடியில நின்னாரு. அருவி வந்ததும் ஜாய்ஸ்டிக்கை மடியில வச்சுட்டு, "அட... தண்ணி எப்புடி விழுது பாருங்க!"ன்னு தனக்குத்தானே சிரிச்சாரு. கோச்சிக்கு நேரமாச்சுன்னு அவங்க அம்மா கூப்புடுற வரைக்கும் அங்கதான் நின்னாரு. எனக்கு அந்த நிமிசமே மனசு போயிடுச்சுங்க, மறைக்க என்ன இருக்கு!

ஆனா அவங்க போனதும் அப்பா தலையை ஆட்டினாரு.

"குடும்பம் நல்ல குடும்பந்தான். பையன்தான் மந்தமா இருக்கான். சின்னப்பய வெளையாட்டுலயே நின்ன எடத்துல நிக்கிறவன், பொழப்புல எங்க முன்னேறப் போறான்? ஜாதகம் பொருந்தலன்னு சொல்லி அனுப்பிடுவோம்."

வேணாங்கிறதுக்கு எங்க பக்கம் அதுதான் மரியாதையான வார்த்தை. அந்த வார்த்தை போயிட்டா முடிஞ்சுச்சு, திரும்பி வர மாட்டாங்க. அப்பா முன்னாடி கலியாணத்தைப் பத்தி வாயைத் தொறந்ததே இல்ல. எங்க இருந்து தைரியம் வந்துச்சோ...

"அப்பா, கொழுந்து சரியா வாடுறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு ரோலர்ல போட்டா டீ கெட்டுப்போகும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. பேக்டரியில அவசரப்படுற ஆளுங்களை அவரு திட்டாத நாளில்ல.

"ஏன் புள்ள... ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"ஆமாப்பா."

சொல்லிட்டு குசினிக்கு, அடுப்படிப் பக்கம் ஓடிட்டேன். அம்மா பின்னாலயே வந்து, "பதறாத காரியம் சிதறாதும்பாங்க... நீ இன்னைக்குப் பதறினதும் நல்லதுக்குத்தான்டி"ன்னு கன்னத்தைக் கிள்ளினாங்க. வெளியில அப்பா தனியா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அடுத்த தையில கலியாணம்.

இப்போ பேரன் வீட்டுல பெரிய ஸ்கிரீன், நெசமான ஊரு மாதிரியே கேம். போன வாரம் அதைத் தாத்தாகிட்ட வெளையாடக் குடுத்துட்டு, கொஞ்ச நேரத்துல எங்கிட்ட ஓடி வந்தான்.

"பாட்டி, மிஷனுக்குப் போகச் சொன்னா தாத்தா காரை ரோட்டோரமா நிறுத்திட்டு, எறங்கி மழையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு! டைம் முடியப் போகுது, வந்து சொல்லுங்க!"

சொல்லத்தான் எந்திரிச்சுப் போனேன். அவரு திரும்பிக்கூடப் பாக்காம, பக்கத்துல தள்ளி உக்காந்து எனக்கு எடம் விட்டாரு.

நானும் உக்காந்துட்டேன்.