மருதாணி என்று தலையாட்டினேன்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். கோர்வையாக எழுத வராது. பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு அரிசிப்பானைக்குப் பின்னால் ஒரு ரப்பர் கையுறை கிடக்கிறது, ஒற்றைக் கைக்கு மட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சாயப்பட்டறை அக்கா ஞாபகம் வந்துவிடும்.

எண்பதுகளில் மேலகரத்துப் பக்கம், வாய்க்கால் ஓரமாக இருந்தது அந்தப் பட்டறை. வெளிநாட்டுக்குப் போகிற துணிக்கு நூலில் சாயம் ஏற்றிக் கொடுப்போம். நூல் களவு போகும் என்று எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். குற்றாலத்துச் சாரல் தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்கும். ஒரு துளி மேலே படாது. உள்ளே சாயத்தில் கலக்கிற காஸ்டிக் சோடா நெடி. வெறுங்கையால் அலசி அலசி அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் புண். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள்.

துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, வேலை செய்கிற இடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். அன்றைக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. காலையிலேயே மேஸ்திரி ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்து, "அவுக போற வரைக்கும் கழட்டப்பிடாது" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அக்காவிடம் கை நீட்டினார். பெரிய மனுஷிக்கு உறை போட்ட கையைக் கொடுப்பது மரியாதையில்லை என்று அக்கா சட்டென்று அதைக் கழற்றிவிட்டாள். முழங்கை வரைக்கும் சிவப்பு. நடுவில் நடுவில் வெடிப்பு.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "மருதாணி மேடம், பொம்பளைக வச்சுக்கிடுவாக" என்றார் மேஸ்திரி. முந்தின வாரம் நீலம் முக்கினோம். அப்போது அந்த அம்மா வந்திருந்தால் மேஸ்திரி என்ன சொல்லியிருப்பாரோ. கூட வந்த மெட்ராஸ் தம்பி என் பக்கம் திரும்பி, "மருதாணிதானாம்மா? அவங்க கேக்கறாங்க" என்றார். திறந்த கதவு எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையும் போனால் பிள்ளைகளுக்கு உலை வைக்க வழியில்லை. தலையாட்டிவிட்டேன். அந்த அம்மா தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கார் போனதும் கையுறைகளைத் திரும்ப வாங்கினார்கள். கதவைப் பூட்டினார்கள். அக்கா தொட்டியில் கையை விட்டபடி, "ஏட்டி, எந்தக் கல்யாணத்துக்குட்டி எனக்கு மருதாணி வச்சே?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சித்திரைக்குள் அவளுக்கு ஒரு கையில் விரல்கள் மடங்காமல் போயின; வீட்டோடு இருந்துவிட்டாள்.

அவள் கழற்றிப் போட்ட உறை நூல் சிப்பத்துக்கு அடியில் கிடந்தது. அவளிடம் கொடுக்கலாம் என்று மடியில் கட்டி எடுத்து வந்தேன். கொடுக்கப் போகவே இல்லை. இது வலது கைக்கு உள்ளது. அவளுக்கு மடங்காமல் போனது வலதா, இடதா? அக்காவின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.