நான் போட்டிருந்த ‘வாங்க மாமா!’

மைக் கையில் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் புத்தி இல்லாதிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சிதம்பரத்தில் வருஷா வருஷம் காமிக்ஸ் ரசிகர்கள் கூடுவோம். ஒரு கல்யாண மண்டபம், பழைய புத்தகக் கடைகள், மதியம் சாம்பார் சாதம், அப்புறம் மேடையில் கலந்துரையாடல். போன தடவை நெறியாளர் நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறும்போதே மனசுக்குள் முன்னுரை பேச ஆரம்பித்துவிட்டேன். பாதிப் பேரைப் போல நானும் ‘வாங்க மாமா!’ என்று அச்சடித்த டி-ஷர்ட் போட்டிருந்தேன். எங்கள் கௌபாய் ஹீரோ வில்லனைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சொல்லும் வசனம் அது. அதைக் கத்தாத ரசிகனே கிடையாது.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் அந்தக் கதைகளை மொழிபெயர்த்தவர். அவரிடம் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. இன்னொருவர், அவர் அனுப்பிய வசனத்தைப் படத்திலிருக்கும் பலூன்களுக்குள் கையால் எழுதிக்கொடுத்த அக்கா. இப்போது சேத்தியாத்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். புத்தகத்தில் அவர் பேர் வந்ததே இல்லை. நல்ல பட்டுப்புடவை கட்டி, மகளை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கம் இருந்தது.

ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தேன். அவர் பேனா முனையில் ஆரம்பித்தார், மசிக்குப் போனார், மசி காயாத மழைக்காலத்துக்குப் போனார்.

“வசனம் சீட்டுல வரும். நான் மொதல்ல வாய்விட்டுப் படிச்சிடுவேன். அப்பதான் தப்பு வராது. இப்ப கடையிலயும் யாரு எந்தப் பேப்பரக் குடுத்தாலும் வாய் தானா படிச்சிடுது,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. பின்வரிசை எழுந்து டீக்குப் போக ஆரம்பித்தது. மொழிபெயர்ப்பாளர் வாட்ச்சைப் பார்த்தார். எனக்கானால் எரிச்சல், என் நிகழ்ச்சி படுத்துவிடுகிறதே என்று. ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கி அக்கா பக்கம் தள்ளினேன்.

அவர் சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மைக்கில் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: “அக்கா, போதும். ஜனங்க நெளியறாங்க.”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. படித்தது என்ன என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “சரிங்க,” என்று உட்கார்ந்துவிட்டார். நான், பாவி, மன்னிப்புக்கூடக் கேட்காமல் “அடுத்து நம்ம ஸ்டார்!” என்று கூவினேன். கூட்டம் மொத்தமும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “வாங்க மாமா!” என்று கத்தியது. அவரும் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து பார்த்தால் அக்கா கிளம்பியிருந்தார். மேஜையில் அந்த நாலு பக்கம் கிடந்தது. கடலூர் பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். அச்சு மாதிரி எழுத்து. மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது: ‘அன்று வந்த சீட்டில் “உன் வரவுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன், துரோகியே” என்று இருந்தது. பலூனோ சின்னது. அதற்குள் அடங்கவில்லை. ஆகவே நானாக “வாங்க மாமா” என்று எழுதிவிட்டேன்.’

பையை நெஞ்சோடு அணைத்துச் சட்டையிலிருந்த எழுத்தை மறைத்துக்கொண்டேன். கடலூர் வரும்வரை பையை இறக்கவே இல்லை.

மறுநாள் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் கேட்டார்: “நீங்க குடுத்த சீட்டத்தான தம்பி படிச்சேன். படிக்கக் கூடாதா அத?”

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தப்பு என்னுதுக்கா,” என்றேன். “உங்க மூணாம் பக்கத்த நம்ம ரசிகர் வாட்ஸப் குரூப்ல போடறேன். அந்த வசனம் உங்களுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

“வேணாம் தம்பி. எல்லாருக்குமா எழுதியாந்தேன்? எம்பொண்ணு கேக்கணும்னு எழுதியாந்தேன். அவ பஸ்ல திரும்பி வரும்போது, ‘ஏம்மா, உனுக்கு எதுக்கு இந்த மேடையெல்லாம்’னு கேட்டுட்டா.” கடையில் யாரோ கூப்பிட்டார்கள். “வெச்சிடறேன் தம்பி, ஆள் நிக்கறாங்க.”