நல்ல சொல்லுக்குப் பயந்தவள்

பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த அம்மாவுக்கு, வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'பார்ப்போம் அக்கா'. சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சின்னச் சில்லைக் கொண்டுவந்து, "இதே நிறம் வருமா அக்கா?" என்று கேட்டால், "பார்ப்போம்" என்பாள். வண்ணத்தைக் கலந்து, டப்பாவை மூடிக் குலுக்கி, மூடியின் மேல் ஒரு துளி தடவி, விசிறிக் காற்றில் காயவைத்துச் சில்லோடு சேர்த்துப் பிடித்தால் அச்சு அசலாக அதே நிறம் இருக்கும். "அப்படியே வந்துடுச்சு அக்கா" என்று அவர்கள் சொன்னாலும், "சுவர்ல அடிச்சுப் பார்ப்போம்" என்பாள்.

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, வர்ற ஆளை நீயே விரட்டிடுவ போலிருக்கே. வரும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்?"

"வந்தா அவங்களே பார்த்துக்குவாங்க சார்."

இது அவளுடைய நிதானம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் புருஷனும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு கீழே இருக்கிறவர்களோடு வாதம் பண்ணுவார். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு இளம் வயதிலிருந்தே சந்தேகம் கிடையாது. நேரம் பார்க்காமல், யாரையும் மந்திரம் சொல்ல வைக்காமல், பதிவு அலுவலகத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டார். அவளோ அப்போது பக்திக்காரி. அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் ஒரு படத்தை வைத்துத் தினமும் கும்பிட்டாள். அவர் கேலி செய்வாரே தவிரத் தடுக்கவில்லை.

மகள் பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று, அவள் நாற்காலியைப் போட்டு ஏறி அந்தப் படத்தை இறக்கினாள். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நான் எடுக்கச் சொல்லலையே" என்றார் அவர்.

"நீங்க சொல்லி எடுக்கல."

அதற்குப் பிறகு அவள் எதையும் கும்பிடவில்லை. பூனை குறுக்கே போனால் அது பாட்டுக்குப் போகட்டும் என்று நடப்பாள். யாராவது கிளம்பும்போது தும்மினால், "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பாள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. "நானாவது நாலு பேர் பேசிக் கேட்டுத் திருந்தினவன். என் வீட்டுக்காரி தானாவே தெளிஞ்சவ" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் அந்தப் பேச்சு அவளுக்கும் பிடித்திருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அது யாருக்கும் தெரியாது.

மகளுக்குக் காய்ச்சல் சற்று இறங்கிய அந்தக் காலையில், அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். "குழந்தைக்கு எப்படி இருக்கு?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "இனிமே பயமில்லைக்கா, பிழைச்சுட்டா" என்று இவள் வாய் நிறையச் சொன்னாள். சொல்லும்போது சிரிப்புக்கூட வந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனபோது குழந்தை கண்கள் மேலே செருகிக் கிடந்தது.

கடவுளைத் தூக்கிப் போடுவது சுலபமாக இருந்தது. கேட்டதைக் கொடுக்காதவர் எதற்கு என்று ஒரே நாளில் விட்டுவிட்டாள். தான் சொன்ன சொல்லை மட்டும் விட முடியவில்லை. மேலே இருந்து கேட்பதற்கு யாரும் இல்லை என்று தெரிந்தும், ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது போலவே இருந்தது. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் அது பறித்துக்கொண்டு போய்விடும். இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே புரியும். புரிந்து என்ன செய்ய, நாக்கு எழும்பாது. வேலை நல்லபடியாக முடிந்தது என்று அவர் வந்து சொன்னால், "சரி, கை கழுவிட்டு வாங்க" என்பாள். சட்டை நன்றாக இருக்கிறது என்றுகூட அவரிடம் சொன்னதில்லை.

இப்படியே தலை நரைத்தது.

ஒருநாள் அவர் ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டார். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பரிசோதனை எல்லாம் செய்து, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். "உள்ள ஒரு கதவு லூசாயிடுச்சாம். தச்சனைக் கூப்பிடணுமா, டாக்டரைக் கூப்பிடணுமா தெரியல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது இருமல் வந்தது.

மார்பைத் திறந்து செய்கிற ஆபரேஷன். அவருக்குக் கத்தி என்றால் பயம். இத்தனை வருஷம் அந்தப் பயத்துக்கு வேலை வராததால் அது வெளியே தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு மாலை டாக்டர் அவளைத் தனியாக அழைத்து ஆஸ்பத்திரி நடைபாதையில் நிறுத்திப் பேசினார்.

"அவர் உடம்பு தாங்கும்மா. இந்த ஆபரேஷன் செஞ்சவங்க பெரும்பாலும் நல்லபடியா எழுந்து வீட்டுக்குப் போயிருக்காங்க. செய்யாம விட்டாத்தான் கஷ்டம். நான் சொல்லி அவர் கேட்கல. நீங்க தைரியம் சொல்லுங்க."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய முகம் அவருக்குத் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை.

உள்ளே வந்ததும், "என்ன சொன்னாரு இவ்வளவு நேரம்?" என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாரு."

"அதை எங்கிட்டயும்தான் சொன்னாரு. உங்கிட்டத் தனியா என்ன சொன்னாரு?"

"அதேதான்."

"பிழைச்சு வந்துடுவேனாமா?"

டாக்டர் சொன்னது முழுவதும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தாள். குழாயடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது போலிருந்தது.

"பார்ப்போங்க."

"சுவர்ல அடிச்சுப் பார்ப்போமா?" என்று அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "விளையாட்டு இல்லம்மா. நீ சொல்லு. வந்துடுவீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"போடுங்களேன்."

"அதைச் சொல்லேன்."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எதுக்குப் பயம்?"

என் வாயைக் கண்டுதான் பயம் என்று எப்படிச் சொல்வாள்? தானாகத் தெளிந்தவள் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்த மனுஷனிடம் போய், நான் நல்லது சொன்னால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம், "சரி, விடு" என்றார்.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவள் கெஞ்சினாள், அழுதாள், சோறு வேண்டாம் என்று படுத்தாள். கேட்ட அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை. அதுவரை இல்லாத பிரியத்தோடு நடந்துகொண்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட்டுக் கொடுத்தார். "நீ உட்காரு, நான் பண்றேன்" என்றார். அது அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அவருடைய தம்பி டயர் கடையில் வேலை செய்கிறவர். சில வாரங்கள் கழித்து, ஏணியையும் தூரிகைகளையும் ஒரு கூட்டாளிக்குக் கொடுக்க எடுத்துப்போக வந்தார். அவள் டீ கொடுத்தாள். அவர் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே."

"கேளுங்க தம்பி."

"டாக்டர் உங்ககிட்ட என்னதான் சொன்னாரு? தேறாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரா?"

"யாரு சொன்னா அப்படி?"

"அண்ணன்தான். நான் அவ்வளவு சண்டை போட்டேன், ஆபரேஷன் பண்ணிக்கோன்னு. அவரு சொன்னாரு, 'டேய், மத்தவன் பொண்டாட்டின்னா ஒண்ணும் ஆகாதுன்னு சும்மாவாச்சும் சொல்லியிருப்பா. இவளுக்குப் பொய் சொல்ல வராது, குருட்டு நம்பிக்கையும் கிடையாது. சொல்லலன்னா, சொல்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அதை மனசுல வெச்சுக்கிட்டு தவிக்கிறா, பாவம். நான் ஏன் அறுத்துக்கிட்டுச் சாகணும், வீட்லயே அவகூட இருந்துட்டுப் போறேன்'னு. உங்ககிட்ட இதைக் கேக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். தம்பி பயந்து எழுந்தார். அவள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள்.

"நல்லா ஆயிடுவாருன்னுதான் டாக்டர் சொன்னாரு" என்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுசாக வந்த நல்ல வார்த்தை அது. "பெரும்பாலும் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போறாங்கன்னு சொன்னாரு. தைரியம் சொல்லச் சொன்னாரு."

"அப்புறம் ஏன் அண்ணி?"

குழாயடியில் நடந்ததை அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. நடுவில் எதிர்வீட்டுக்காரியின் குடம் என்ன நிறம் என்பதையெல்லாம் சொன்னாள். டீ ஆறி மேலே ஆடை கட்டியது.

"இதை அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பாருன்னு வெட்கமா இருந்துச்சு தம்பி."

"சிரிச்சிருப்பாருதான்."

"ஆமா" என்றாள் அவள். "சிரிச்சிருப்பாரு. பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவரையும் சிரிக்க வெச்சிருப்பாரு. சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரு."