ஏழாவது கூடைக்கு எண்பத்து நான்கு மீட்டர்

மூன்றாம் பாடவேளையில் கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பில் எடுப்பதில்லை, அன்றைக்கு எடுத்தேன். மாதையன் வீட்டுக் காவேரியம்மாள். "அவரு போயிட்டாருங்க சார். கூடை வெச்ச மலைக்காரங்களுக்கெல்லாம் நீங்களே சொல்லிடுங்க" என்றார். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, உங்கள் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நம் சர்வேயர் மாதையன் இனி இல்லை.

மலைக்கு வந்து பழகாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாரண்டஹள்ளியைத் தாண்டி, பஸ் போகாத ஒரு கரட்டில், நண்பர் ஒருவரின் மாந்தோப்புக்கு மேலே ஒன்பது இரும்புக் கூடைகளை நட்டு வைத்திருக்கிறோம். தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் அந்தக் கூடையில் விழவைக்க வேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். ஒவ்வொரு கூடைக்கும் எத்தனை மீட்டர் என்று சொல்லும் பலகைகளை நான்தான் எழுதினேன், கண்ணால் பார்த்து, குத்துமதிப்பாக. ஓசூரிலிருந்து விளையாட வந்தவர்கள் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மாதையன் நிலஅளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தட்டுகூட எறிந்ததில்லை. என் பலகைகளைப் பார்த்து முகம் சுளித்தவர், அடுத்த ஞாயிறு தன் டேப்போடு வந்து நின்றார். அந்த டேப்பின் முதல் ஒரு மீட்டர் எப்போதோ அறுந்துபோயிருந்தது. புதிது வாங்க மாட்டார். "வர்ற அளவுல ஒண்ணு கழிச்சுக்கங்க, அவ்வளவுதான்" என்பார். இந்த வேகாத வெயிலில் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சர்வீஸ் பூரா நான் அளந்தா யாராவது ஒருத்தர் வூட்டுல அழுகை கேக்கும் சார். இங்க அளந்தா யாரும் அழ மாட்டாங்க" என்றார்.

அம்புக்குறிப் பலகைகளிலும் அதே பிடிவாதம். வழி தெரிந்த எங்களை நம்ப மாட்டார். அந்த மலையையே பார்த்திராத தன் மனைவி காவேரியம்மாளைக் கூட்டிவந்து, பலகையை மட்டும் பார்த்து நடக்கச் சொன்னார். ஆறாவது கூடையைத் தாண்டியதும் அந்த அம்மாள் கல் உடைக்கும் பக்கம் போய்விட்டார். தேடிக் கண்டுபிடித்தபோது, "நாப்பது வருசம் குடும்பம் பண்ணிட்டு, இப்பத் தொலைச்சிட்டுப் போலாம்னு கூட்டியாந்தீங்களா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம், மாதையன் சிரிக்கவில்லை. "தப்பு உன் மேல இல்ல, போர்டு மேல" என்று சொல்லி, அப்போதே அந்தப் பலகையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டார்.

ஏழாவது கூடையை அளக்க வேண்டிய வாரம் அவருக்கு மூச்சு வாங்கியது. டேப்பை என்னிடம் கொடுத்தனுப்பினார். அளந்து, எண்பத்தைந்து என்று பெயிண்டில் எழுதினேன். சில வாரம் கழித்துத் தட்டுத் தடுமாறி ஏறிவந்தவர், காலாலேயே ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு கழிச்சீங்களா சார்?" என்றார். கழிக்கவில்லை. "கணக்கு வாத்தியாருக்கே கழித்தல் மறந்துபோச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மீட்டரில் என்ன குடி முழுகிவிடும் என்றேன். "ஒரு மீட்டருக்காக அண்ணன் தம்பி சாகிற வரைக்கும் பேசிக்காம இருந்ததைப் பாத்திருக்கேன் சார். மாத்திடுங்க."

நான் மாற்றவில்லை. விடைத்தாள் திருத்துகிறேன் என்று நாளைக் கடத்தினேன், உண்மையில் வீம்பு. தருமபுரி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தவர், என்னைக் கண்டதும் முதலில் கேட்டது அதைத்தான். "மாத்தியாச்சு" என்றேன். "அப்ப ஒம்போதும் சரியாயிருச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு நாலாம் நாள்தான் அந்த அழைப்பு வந்தது.

காரியம் முடிந்த பிறகு காவேரியம்மாள் மலையைப் பார்க்க வேண்டும் என்றார். வழி சொல்ல நான் வாயெடுத்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். பலகைகளைப் பார்த்தே நடந்தார். ஆறைத் தாண்டியும் தடுமாறவில்லை. ஏழாவது பலகையின் முன்னால் நின்றுவிட்டார்.

"எண்பத்து நாலுன்னு மாத்தியாச்சு, சாரே சொல்லிட்டாருன்னு சொன்னாருங்களே. அன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி சேர்த்துக் குடிச்சாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாளே மாற்றி எழுதினேன். இப்போது அங்கே எண்பத்து நான்கு என்று இருக்கிறது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த அறுந்த டேப் ஒன்றுதான். அன்று மலையிலிருந்து இறங்கும்போது காவேரியம்மாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். ஒண்ணு கழிக்கணும், மறந்துடாதீங்க" என்றார். மறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல் டேப்பை வாங்கிக்கொண்டேன். மாத்தியாச்சு என்று சொன்ன அதே வாய்தானே இது.