மிச்சம் பிடித்த டேட்டா

இங்கே ரயில் பைன் காட்டுக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, பிறகு ஒன்றுமே இருக்காது. பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மரங்களைப் பார்ப்பார். யாரும் முனகுவதில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. உலகத்துக்கே கார் விற்கிற நாடு. ஆனால் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் எங்கள் கிராமத்தில், கடலைக் கொல்லையில் களை எடுப்பவர்கள் வரப்பில் போனைச் சாய்த்து வைத்து சீரியல் பார்க்கிறார்கள். எங்கள் ஊர் எதிலாவது முந்தியிருக்கிறது என்று இங்கே வந்துதான் நான் பெருமைப்பட்டேன்.

நர்சிங் முடித்துவிட்டு இங்கே வரக் காத்திருக்கும் தங்கைகள் அடிக்கடி எனக்கு எழுதுகிறார்கள். விசா, மொழித்தேர்வு பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் இதையும் கேட்கிறார்கள்: "அக்கா, அங்க 5ஜி பிளான் போடலாமா, இல்ல சாதாரணமே போதுமா? வீட்டுல பேசணும்." நான் இதுவரை யாருக்கும் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இங்கே டேட்டா மாதக் கணக்கு. அளவு தீர்ந்தால் இணைப்பு நிற்காது. ஆனால் ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஊரில் நாள் கணக்கு. அன்றைய பங்கு தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நள்ளிரவில் புதிது வரும். அம்மாவோடு வீடியோ காலில் பேசியே மாதத்தின் பாதியில் என் அளவு தீர்ந்துவிடும். அதனால் ஒருநாள் கடைக்குப் போய், இருப்பதிலேயே வேகமான, பெரிய பிளானைக் கேட்டேன். கடைக்காரர், "எதற்கு?" என்றார். "அம்மாவைப் பார்க்க" என்றேன். "அம்மாவைப் பார்க்க இவ்வளவு வேகம் வேண்டாமே" என்று சிரித்தார். என் நிறத்தைப் பார்த்து, இவளுக்கு எதற்கு இது என்று கேட்கிறார் என நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். 'உனக்கு எதற்கு' என்ற கேள்வியை எத்தனையோ வாயில் கேட்டு வளர்ந்தவள். இலக்கணம் பிசகாத ஜெர்மனில், "என்னால் கொடுக்க முடியும்" என்று சொல்லி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். இங்கே வாடிக்கையாளரிடம் தேவையைக் கேட்பது வழக்கம், அவ்வளவுதான் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்த விடுமுறையில் அம்மாவுக்கும் ஒரு 5ஜி போன் வாங்கினேன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் சிம் வாங்க வரும் ஒரு கடையில். "அன்லிமிடெட் மேடம், இனிமே அளவே கெடையாது" என்றார் கடைக்காரர். கடைக்குள் படம் தட்டியதும் ஓடியது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கண்ணாடி மாதிரி இருக்குதுடி" என்றாள். அந்த அளவின்மை டவுனோடு முடிந்தது. எங்கள் கிராமத்து டவர் பழையது. அங்கே புதுப் போனுக்கும் பழைய வேகம்தான், பழைய நாள் பங்குதான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒன்று பாதியில் அறுந்தபோது, நெட் வேண்டாத சாதாரண போன் கால் போட்டு அம்மாவிடம் சொன்னேன்: "இன்னிக்கு டேட்டா தீந்துபோச்சும்மா." அவ்வளவுதான் சொன்னேன். தீராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அவளே முடிவு செய்துகொண்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து அப்பாவின் காலில் கருவேல முள் ஏறியது. அவருக்குச் சர்க்கரை. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் வலி தெரியாது. அதுதான் அதிலுள்ள ஆபத்து. இங்கே முதியோர் இல்லத்தில் தினமும் காலையில் இப்படிப்பட்ட பாதங்களைத்தான் கழுவிக் கட்டுகிறேன். எனவே வீட்டின் நர்சாக உத்தரவு போட்டேன். "தினமும் காலைல புண்ணக் கழுவிட்டு, வெளிச்சத்துல ஒரு போட்டோ எடு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. சீரியல் பார்த்து டேட்டாவைத் தீர்த்திருப்பாள் என்று நினைத்தேன். பணியிடைவேளையில் சாதாரண கால் போட்டேன். நிமிடத்துக்கு இங்கே நிறையப் பிடிப்பார்கள்.

"வலியே இல்லமா, சின்னப் புண்ணு" என்றார் அப்பா.

போன் அம்மா கைக்குப் போனது. "கம்மியாயிருக்காம்மா?"

"நீயே பாக்கப்போற இல்ல. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். காசு ஏறப்போவுது, வை."

வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இல்லத்தின் ஓய்வறையில் இருந்தேன். அம்மா வீட்டில் நெட்டைப் போட்டிருக்கிறாள். படங்கள் மொத்தமாக வந்தன. என் புதுப் பிளானில் எல்லாம் ஒரே இமைப்பில் திறந்தன. முதல் படத்தில் சிவப்பு. அடுத்ததில் வீக்கம். பிறகு விளிம்பில் சாம்பல் நிறம். கடைசிப் படத்தில் விரல்கள் கறுத்திருந்தன. ஒவ்வொன்றும் சொன்னபடியே, நல்ல காலை வெளிச்சத்தில், கழுவிய காலோடு, தெளிவாக எடுத்திருந்தாள்.

"ஏம்மா அன்னன்னிக்கு அனுப்பல?"

"நெட்ட ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்டி. போன வாரம் பேச்சு பாதில நின்னுபோச்சே. தெனம் மிச்சம் பண்ணா இன்னிக்கு உன்ன ஜாஸ்தி நேரம் பாக்கலாம்னு."

மிச்சம் பிடித்தது ஒவ்வொரு நள்ளிரவிலும் செத்துப்போகிறது என்று அப்போது அவளிடம் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் எது வந்தாலும் அதில் கொஞ்சத்தை ஒதுக்கி வைப்பது அவள் வழக்கம். ரேஷன் சர்க்கரை, காஸ், மழைத் தண்ணீர் எல்லாம் அப்படித்தான். நான் படித்ததே அவள் ஒதுக்கி வைத்ததில்தான். மிச்சம் வைக்கவே முடியாத ஒரு பொருளை யாராவது விற்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

"இப்பவே டவுனுக்குக் கூட்டிட்டுப் போம்மா."

"இன்னிக்குப் பௌர்ணமிடி. பஸ்ஸுல கால் வெக்க முடியாது. நாளைக்கு விடியக்காலைல போலாமே."

"இப்பவே."

என் குரலில் இருந்ததை அவள் கேட்டிருக்க வேண்டும். உடனே கிளம்பிவிட்டாள். கிரிவலம் வரும் கூட்டத்தோடு அவர்களும் டவுனுக்குள் போனார்கள். டவுன் எல்லையிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். அப்பா புண் காலோடு நடந்திருக்கிறார். வலிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தைரியம் வேறு சொல்லியிருக்கிறார். பௌர்ணமியன்று அத்தனை லட்சம் போன்களும் ஒரே மலையைச் சுற்றும்போது டவர் மூச்சடைத்துப் போகும். 5ஜி இருக்கும் டவுனுக்குள் அம்மா இருந்தாள். என் போனிலும் கோடுகள் முழுதாக இருந்தன. ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. மறுநாள் பேச்சு கிடைத்தபோது கணுக்காலுக்கு மேல் காலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

தங்கைகளே, வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது பாதி வேகம்தான். மறுபாதி வீட்டில் இருக்கிறது. அங்கே டவர் என்ன, நாள் பங்கு எவ்வளவு, அது எப்போது காலாவதியாகும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு இங்கே கையெழுத்துப் போடுங்கள். என் ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. மாதாமாதம் பணம் போகிறது.

நாள் பங்கை மிச்சம் பிடிக்க முடியாது என்ற விஷயத்தை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. "அப்ப அத்தினியும் வீணாத்தான் போச்சா" என்று மட்டும் கேட்டாள். இப்போது அவள் ஒரு துளியையும் மிச்சம் வைப்பதில்லை. ஊரில் விளக்கு வைக்கும் நேரத்தில், எனக்குக் காலைப் பணி முடிந்திருக்கும்போது கூப்பிடுவாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பேச்சு எதுவும் இருக்காது. நான் இங்கே என் சமையலறையில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, வெங்காயம் நறுக்குவேன். அங்கே குக்கர் கூவும்.

நேற்று அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இல்லாத கால் அரிக்குதுமா" என்றார்.

அன்று காலையில்தான் இல்லத்தில் இதே வார்த்தையை ஒரு கிழவர் என்னிடம் ஜெர்மனில் சொன்னார். அவர் படுக்கையருகே உட்கார்ந்து, இருக்கும் காலில் அதே இடத்தைச் சொறிந்துவிட்டேன். அவருக்கு அடங்கிவிட்டது.

"இருக்கற கால்ல அதே எடத்துல சொறிங்கப்பா" என்றேன்.

அவர் குனிந்தார். கை பாதி தூரம் இறங்கியபோது அன்றைய டேட்டா தீர்ந்தது. படம் அப்படியே உறைந்து நின்றது. வெங்காயம் நறுக்கிய கத்தியோடு அப்பாவின் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.