நட்சத்திரம் கிடந்த தண்ணீர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, திருத்தணியில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன்.

பால்வீதியைப் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டியிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. மலைக்கோயில் விளக்கும் ஊர் விளக்கும் சேர்ந்து எங்கள் வானத்தை வெளுக்க வைத்துவிடும். நைனா, அதாவது என் அப்பா, ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிலத்தில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். மோட்டாருக்குக் கரண்ட் ராத்திரிதான் வரும். கார்த்திகை மழை விட்டு ஒரு வாரம் கழித்து, ஓர் அமாவாசையன்று நானும் கூடப் போனேன்.

என்னை வரப்பில் நிறுத்திவிட்டு நைனா மோட்டார் கொட்டகைக்குப் போனார். அண்ணாந்தேன். இவ்வளவு நட்சத்திரம் இருக்கும் என்று நான் படித்த எதுவும் எனக்குச் சொல்லவில்லை. எதிரே தண்ணீர் நின்ற வயல், அதிலும் வானம் அப்படியே கிடந்தது. அதற்கு அக்கரையில் நைனா வந்து நின்றார், தலையில் துண்டு, ஒரு பக்கம் சாய்ந்த தோள்.

"இப்படி வாம்மா. இங்கருந்து இன்னும் நல்லாத் தெரியுது."

கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று செருப்பைக் கழற்றிவிட்டு, "இதோ வரேன் நைனா" என்று காலைத் தூக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். மேலே அவர் தலை நட்சத்திரங்களை மறைத்தது. கீழே தண்ணீரில் ஒரு நட்சத்திரம்கூட மறையவில்லை. அசையாத தண்ணீரில் அக்கரையில் நிற்பது தலைகீழாகத் தெரிந்தாக வேண்டும், நானே நடத்துகிற பாடம்.

"யார்கிட்டம்மா பேசிகினு இருக்கிற?"

நைனாவின் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் டார்ச் வெளிச்சம் என் காலடியில் விழுந்தது. அது வயலில்லை. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, மழையில் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அக்கரையில் யாருமில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவர் பயப்படாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வண்டிக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு உன்ன மாதிரி வரும். யூனிபார்ம் போட்டுகினு, பையை மாட்டிகினு நிக்கும். படிச்ச பொண்ணு, சிரிப்பன்னு சொல்லல."

இனிமேல் போகாதே என்று எவ்வளவோ கெஞ்சினேன். கரும்பு காய்ந்தால் வேலை போய்விடும் என்றார். அதனால் அவர் போகிற ராத்திரியெல்லாம் போன் செய்துகொண்டே இருக்கிறேன்.

போன வாரமும் செய்தேன். எடுத்தவர் சலித்துக்கொண்டார். "எதிர்ல நின்னுகினு எதுக்கும்மா போன் பண்ற? வந்துகினுதான இருக்கேன்."

நான் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, அங்கயே நில்லு. தண்ணியப் பாரு. நான் தண்ணில தெரியறனா?"

அவர் காலடிச் சத்தம் நின்றது.

"இல்லம்மா" என்றார்.

இன்றைக்கும் போயிருக்கிறார்.